கையில் ஒன்று: இணைப்புப் பட்டியலில் ஒரு கூட்டல் கணக்கு

ஓர் எண்ணின் காரணீயப் பெருக்கம் காணும் சி++ நிரலைச் செய்யாத பதினொன்றாம் வகுப்பு கணினி மாணவர் இருக்க மாட்டார். 5 கொடுத்தால் 120 வரும். ரெக்கார்டு நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிவிட்டால் வேலை முடிந்தது. ஒரு மாணவி மட்டும் அன்று 5-உடன் நிறுத்தவில்லை. 10, 11, 12 என்று கொடுத்துக்கொண்டே போனாள். 12-க்கு 479001600 வந்தது. 13-க்கு 1932053504 வந்தது.

“மிஸ், இது தப்பு” என்றாள்.

“எப்படிச் சொல்கிறாய்?”

“12-க்கு வந்த விடையோட கடைசியில ரெண்டு சைபர் இருக்கு. அதை 13 ஆல பெருக்கினாலும் ரெண்டு சைபர் இருக்கணும் இல்லையா? இதுல 04 வருது.”

இந்த நிரலைப் பத்தாண்டுகளுக்கும் மேலாக நான் நடத்துகிறேன். ஒரு மாணவரும் இப்படிச் சொன்னதில்லை. நானும் 13 கொடுத்துப் பார்க்கச் சொன்னதில்லை. நாங்கள் பயன்படுத்தும் தொகுப்பியில் முழு எண் வகை மாறிக்கு 4 பைட் இடம். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2147483647. உண்மையான விடை 6227020800. அது பெட்டியில் அடங்காமல் 4294967296 கழிந்துபோய், மிச்சம் திரையில் நிற்கிறது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. தவறான விடையைச் சரியான விடை போலவே கணினி அச்சிட்டுவிட்டது.

8 பைட் எடுக்கும் வகைக்கு மாற்றினோம். 20 வரை சரியாக வந்தது. 21-இல் மறுபடியும் அதே கதை.

“சரி, பெட்டியைப் பெரிதாக்கிக்கொண்டே போக முடியாது. நோட்டில் நீ இருபது இலக்க எண்ணைக்கூடப் பெருக்குவாய். உன் மூளையில் இருக்கும் பெட்டி எவ்வளவு பெரியது?” என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒன்பதாம் வாய்ப்பாடு வரைக்கும்தான் மிஸ். மத்ததெல்லாம் நோட்டுல இருக்கு” என்றாள்.

இந்தக் கட்டுரையின் அடிப்படை அந்தப் பதில்தான். ஒரு நேரத்தில் ஓர் இலக்கம், கையில் ஒரு சிறிய எண். இவ்வளவு போதும், எத்தனை பெரிய கணக்கையும் செய்யலாம். மூன்றாம் வகுப்பில் நாம் கற்றுக்கொடுப்பதும் இதைத்தான். அதைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க நல்ல கருவி, லிங்க்டு லிஸ்ட் எனப்படும் இணைப்புப் பட்டியல். வேலைக்கான நேர்காணல்களிலும் நிரல் எழுதும் போட்டிகளிலும் அடிக்கடி கேட்கப்படும் கணக்கு வகை இது. எனவே மேல்நிலைக் கணினி ஆசிரியர்களுக்குப் பயன்படும். தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இதைப் படிக்க வேறொரு காரணம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

அணியில் இலக்கங்கள் அடுத்தடுத்த அறைகளில் இருக்கும். மூன்றாம் அறை எது என்று கேட்டால் உடனே கைகாட்டலாம். இணைப்புப் பட்டியலில் அப்படி இல்லை. ஒவ்வொரு கணுவிலும் இரண்டே செய்திகள்: ஓர் இலக்கம், அடுத்த கணு எங்கே இருக்கிறது என்ற முகவரி. முதல் கணுவைத் தலை என்கிறோம். கடைசிக் கணுவின் முகவரி இடம் வெறுமையாக இருக்கும். 1950-களின் நடுவில் ஆலன் நியூவெல், கிளிஃப் ஷா, ஹெர்பர்ட் சைமன் ஆகியோர் தேற்றங்களை நிறுவும் நிரல் ஒன்றை எழுத முனைந்தபோது உருவாக்கிய அமைப்பு இது. எவ்வளவு இடம் தேவைப்படும் என்பது அவர்களுக்கு முன்கூட்டித் தெரியாது. காரணீயப் பெருக்கத்தில் நமக்கும் அதே நிலைதான்.

கணினியைத் தொடும் முன் மாணவர்களை வராந்தாவில் நிற்க வைத்தேன். ஒவ்வொருவர் கையிலும் ஓர் இலக்கம் எழுதிய அட்டை. இடக்கை அடுத்தவர் தோளில். 4786 என்ற எண்ணாக நில்லுங்கள் என்றதும் 4 தலையாகவும் 6 கடைசியாகவும் நின்றார்கள். எதிரே 539 என்று மூவர். இப்போது கூட்டுங்கள் என்றேன். ஒரே குழப்பம். தலையில் இருக்கும் 4-ஐயும் 5-ஐயும் ஒருவன் கூட்டப் போனான். “டேய், அது ஆயிரம், இது நூறு” என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். தலையில் நிற்பவனுக்குத் தான் ஆயிரமா நூறா என்று எப்படித் தெரியும்? அவன் கையில் இருப்பது 4 என்ற அட்டை மட்டும். கடைசிவரை நடந்துபோய் எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

பழைய தமிழ் எண்முறையில் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் இருந்தன. இலக்கத்துக்குப் பக்கத்திலேயே அதன் மதிப்பு எழுதப்பட்டிருக்கும். இடமதிப்பு முறையில் அந்தக் குறி இல்லை. நிற்கும் இடமே மதிப்பைச் சொல்கிறது. எண்ணைத் தாளில் ஒரே பார்வையில் முழுதாகப் பார்த்துவிடுவதால் இடம் என்பது நமக்குச் சிரமமாகத் தெரிவதில்லை. அடுத்தவர் தோளை மட்டுமே தொடத் தெரிந்த கணுவுக்கு அது பெரிய சிரமம்.

திரும்பி நில்லுங்கள் என்றேன். ஒன்றின் இலக்கம் தலையாக, 6, 8, 7, 4 என்று ஒரு வரிசை. 9, 3, 5 என்று இன்னொரு வரிசை. இப்போது தலைக்குத் தலை நேராக நிற்கிறது. ஒன்றுக்கு ஒன்று, பத்துக்குப் பத்து. யாரும் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. சொல்லும்போது ஆயிரத்திலிருந்து சொல்கிறோம், கூட்டும்போது ஒன்றிலிருந்து கூட்டுகிறோம் என்பதைப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்த பிள்ளைகள் அன்றுதான் கவனித்தார்கள்.

நடுவில் நடந்துபோக ஒரு மாணவனை அமர்த்தினேன். அவன் பெயர் ‘கையில்’. முதலில் அவனிடம் 0. ஆறும் ஒன்பதும் பதினைந்து. 5 என்ற அட்டையுடன் விடை வரிசையில் ஒருவர் நிற்கிறார், அவன் கையில் 1. எட்டும் மூன்றும் ஒன்றும் பன்னிரண்டு. 2 நிற்கிறது, கையில் 1. ஏழும் ஐந்தும் ஒன்றும் பதின்மூன்று. 3 நிற்கிறது, கையில் 1. இப்போது கீழ் வரிசை தீர்ந்துவிட்டது. இல்லாத இடத்தை 0 என்று கொண்டால் நான்கும் ஒன்றும் ஐந்து. விடை வரிசை 5, 2, 3, 5. திருப்பிப் படித்தால் 5325.

பிறகு கரும்பலகையில் அவர்களே சொல்ல நான் எழுதியது இது:

கையில் = 0
ஏதாவது ஒரு பட்டியலில் கணு இருக்கும்வரை, அல்லது கையில் 0-ஐவிடப் பெரிதாக இருக்கும்வரை, கீழுள்ளவற்றைச் செய்:
மேல் = முதல் பட்டியலின் நடப்பு இலக்கம்; கணு தீர்ந்திருந்தால் 0
கீழ் = இரண்டாம் பட்டியலின் நடப்பு இலக்கம்; கணு தீர்ந்திருந்தால் 0
கூடுதல் = மேல் + கீழ் + கையில்
கூடுதலை 10 ஆல் வகுத்த மீதியை ஒரு புதிய கணுவாக விடையின் கடைசியில் சேர்
கையில் = கூடுதலை 10 ஆல் வகுத்த ஈவு
இரு பட்டியல்களிலும் அடுத்த கணுவுக்கு நகர்

பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ‘கையில்’ என்ற பெயரை அப்படியே வைத்துக்கொண்ட மாணவர்கள் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் படிப்பவர்களுக்கு இனக்குழு கொண்டு கணு அமைப்பது அரை மணி நேர வேலை. பதினொன்றாம் வகுப்புக்குச் சுட்டு வேண்டும். அது கொஞ்சம் கடினம் என்பதால் முதலில் வராந்தாவில் நடத்திவிட்டே கணினிக்குப் போகச் சொல்கிறேன்.

‘அல்லது கையில்’ என்ற பகுதியை முதல் முயற்சியில் ஏறக்குறைய எல்லாரும் விட்டுவிட்டார்கள். 4786-க்கும் 539-க்கும் அது இல்லாமலே சரியான விடை வருகிறது. 999-உடன் 1 கூட்டிப் பார்க்கச் சொன்னேன். 000 வந்தது. இரண்டு பட்டியலும் தீர்ந்துவிட்டன, கையில் இருந்த 1-ஐ இறக்கி வைக்க யாரும் இல்லை. எந்த எண்ணைக் கொடுத்துச் சோதிப்பது என்று தேர்ந்தெடுப்பதும் நிரல் எழுதுவதில் பாதி. நம் செய்முறைத் தேர்வில் அதற்கு நாம் இடமே கொடுப்பதில்லை. மனப்பாடம் செய்த நிரலைத் தட்டச்சு செய்து, கொடுத்த எண்ணுக்குக் கொடுத்த விடை வந்தால் முழு மதிப்பெண். நானும் அப்படித்தான் போட்டு வந்திருக்கிறேன்.

இனித் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கான காரணம். ஒரு மாணவனின் நிரலில் 27-ஐயும் 35-ஐயும் கூட்டினால் 512 வந்தது. கூடுதலை 10 ஆல் வகுத்த மீதியை எடுக்காமல் கூடுதலையே கணுவில் போட்டிருந்தான். தலையில் 12, அடுத்து 5. திருப்பி அச்சிட்டால் 512.

எங்கள் வளாகத்தை ஒட்டியே தொடக்கப்பள்ளி. மதிய இடைவேளையில் அங்கே மூன்றாம் வகுப்பு எடுக்கும் டீச்சரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு மேசையிலிருந்த நோட்டுக் கட்டைப் பிரித்தார். மூன்று நோட்டுகளில் அதே 512. எண்கள்கூட அதேதான், பாடத்தில் எல்லாரும் கொடுக்கும் கணக்குதானே.

“இவங்களுக்குக் கூட்டத் தெரியலன்னு நெனச்சேன்” என்றார்.

கூட்டத் தெரிந்திருக்கிறது. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு, இரண்டும் மூன்றும் ஐந்து. இரண்டும் சரி. தெரியாதது, ஒரு கணுவில் 9-க்கு மேல் எதுவும் தங்கக் கூடாது என்ற விதி. அது கூட்டலின் விதி அல்ல, இடமதிப்பின் விதி. அந்தக் குழந்தைக்கு மேலும் இருபது கூட்டல் கணக்குகள் கொடுத்தால் இருபதும் இதே மாதிரிதான் வரும். பத்துக் குச்சிகளைக் கட்டாகக் கட்டி அடுத்த இடத்துக்கு அனுப்புவதைத் திரும்பச் செய்துகாட்டினால் விலகும்.

அதன் பிறகு மேல்நிலை மாணவர்களின் பிழைகளையும் அந்த டீச்சர் வைத்திருந்த நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. ஏறக்குறைய ஒவ்வொரு பிழைக்கும் ஜோடி கிடைத்தது. 52-இலிருந்து 38-ஐக் கழித்து 26 என்று எழுதும் குழந்தை, எட்டிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகிறது. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று நாம் சொன்னதை ஒவ்வொரு இலக்கத்துக்கும் பொருத்திக்கொள்கிறது. எங்கள் மாணவர்களில் இருவர் கழித்தல் விடை குறை எண்ணாக வந்ததும் குறியை மட்டும் நீக்கிவிட்டார்கள். அவர்களுக்கும் அதே 26.

கழித்தலில் ஒன்று சொல்லத் தகுந்தது. 503-இலிருந்து 278. கரும்பலகையில் நாம் செய்வது: மூன்றிலிருந்து எட்டு போகாது, பக்கத்தில் சைபர், அங்கே கடன் கிடைக்காது, நூறுக்குப் போ, ஐந்தை நான்காக்கு, சைபரைப் பத்தாக்கு, பத்தை ஒன்பதாக்கு, மூன்றைப் பதின்மூன்றாக்கு. குழந்தைகள் தடுமாறும் இடம் இதுதான். இணைப்புப் பட்டியலில் இப்படி முன்னே போய்க் கடன் கேட்டுத் திரும்பி வருவது தொல்லை. எனவே மாணவர்கள் கடனைத் தீர்க்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தார்கள். மூன்றில் எட்டு போகாது. பத்து சேர்த்தால் பதின்மூன்று, விடை 5, கடன் 1. அடுத்து பூச்சியத்திலிருந்து ஏழும் கடன் ஒன்றும் போக வேண்டும். பத்து சேர்த்தால் 2, கடன் 1. அடுத்து ஐந்திலிருந்து இரண்டும் ஒன்றும் போக 2. விடை 225. நடுவில் சைபர் இருந்ததே தெரியவில்லை.

என் அம்மா இப்படித்தான் கழிப்பார். மேலே உள்ள எண்ணை அடித்துத் திருத்தாமல் கீழே உள்ள அடுத்த இலக்கத்தில் ஒன்று கூட்டிக்கொள்வார். பள்ளியில் நான் கற்றது அந்த முறை இல்லை என்பதால் சின்ன வயதில் அதைத் தவறு என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். எந்த முறையைக் கற்பிப்பது என்பதில் தொடக்க வகுப்பு ஆசிரியர்கள்தாம் முடிவு செய்ய வேண்டும். குச்சிக் கட்டைப் பிரித்துக் காட்ட நம் முறைதான் பொருந்தும். ஆனால் வீட்டில் கற்ற வேறு முறையில் சரியான விடையுடன் வரும் குழந்தையின் நோட்டில் குறுக்குக் கோடு போடும் முன் ஒருமுறை பார்த்துவிடலாம்.

கழித்தலில் இன்னொரு தொல்லை: 1000-இலிருந்து 999 கழித்தால் 0001 வரும். முன்னால் நிற்கும் சைபர்களை நீக்க வேண்டும். ஒன்றிலிருந்து தொடங்கும் பட்டியலில் அவை கடைசியில் இருக்கின்றன. நடந்துபோகும்போது ஒரு சைபரைப் பார்த்தால் அது நீக்க வேண்டியதா, 503-இன் சைபர் போல வேண்டியதா என்று அங்கே நின்று சொல்ல முடியாது. சைபர் அல்லாத கடைசிக் கணு எது என்பதை நினைவில் வைத்துக்கொண்டே போய், முடிவில் அதற்குப் பிறகு இருப்பதை வெட்ட வேண்டும். அப்படி வெட்டியபோது ஒருவன் 7-இலிருந்து 7 கழித்து ஒன்றுமே இல்லாத பட்டியலைக் கொண்டுவந்தான். பூச்சியம் ஒன்றுமில்லாததா, ஓர் இலக்கமா என்று கால் மணி நேரம் வாதம் நடந்தது. பாடவேளை போனதில் எனக்கு வருத்தமில்லை.

பெருக்கலுக்கு வருவோம், அந்த மாணவியின் கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. 479001600-ஐத் திருப்பி எழுதினால் 0, 0, 6, 1, 0, 0, 9, 7, 4. ஒவ்வொன்றையும் 13 ஆல் பெருக்கிக் கையில் இருப்பதைக் கூட்ட வேண்டும். முதலிரண்டும் 0. ஆறு பதின்மூன்று 78. 8 எழுது, கையில் 7. ஒரு பதின்மூன்றும் ஏழும் 20. 0 எழுது, கையில் 2. அடுத்து 2, அடுத்து 0. ஒன்பது பதின்மூன்று 117. 7 எழுது, கையில் 11. ஏழு பதின்மூன்றும் 11-உம் 102. 2 எழுது, கையில் 10. நான்கு பதின்மூன்றும் 10-உம் 62. 2 எழுது, கையில் 6. கடைசியாக அந்த 6. திருப்பிப் படித்தால் 6227020800. “ரெண்டு சைபர் வந்துடுச்சு மிஸ்” என்றாள்.

இங்கே கையில் 11, 10 என்று ஈரிலக்க எண் வந்ததைக் கவனியுங்கள். இரண்டு எண்களைக் கூட்டும்போது கையில் 1-க்கு மேல் வராது. ஒன்பதும் ஒன்பதும் கையில் ஒன்றும் சேர்ந்தால் 19-தான். ஓரிலக்கத்தால் பெருக்கும்போது 8-க்கு மேல் வராது. ஒன்பது ஒன்பது 81, கையில் 8 இருந்தால் 89, மறுபடியும் கையில் 8. ஏன் வராது என்று ஐந்தாம் வகுப்பிலேயே கேட்கலாம், தாங்களே கண்டுபிடிப்பார்கள். பெருக்கும் எண் 9-ஐத் தாண்டினால் இந்த வரம்பு உடைகிறது.

அப்படி உடைந்ததில் நானே ஏமாந்தேன். 99-ஐ 13 ஆல் பெருக்கும் ஒரு நிரலில் கடைசியில் கையில் 12 நின்றது. அதை 2, 1 என்று இரண்டு கணுக்களாகப் பிரிக்காமல் 12 என்று ஒரே கணுவில் போட்டிருந்தார்கள். பட்டியல் 7, 8, 12. திருப்பி அச்சிட்டால் 1287. சரியான விடை! நான் மதிப்பெண் போட்டுவிட்டேன். அந்தக் குழுவே பிறகு 1287-இலிருந்து 1100-ஐக் கழிக்கப் போனபோது நிரல் 1100-தான் பெரிய எண் என்றது. எந்த எண் பெரியது என்பதை முதலில் கணுக்களின் எண்ணிக்கையால் பார்க்கும்படி எழுதியிருந்தார்கள். ஒன்றில் மூன்று கணு, மற்றதில் நான்கு. 512-ஐத் தந்த அதே பிழை இங்கே உச்சி இடத்தில் இருந்ததால் அச்சில் தெரியாமல் ஒளிந்துகொண்டது. விடை சரியாக இருக்கும்போது வழியைக் கேட்பது எவ்வளவு அவசியம் என்பதை எனக்குக் காட்டியது இந்த 1287.

இரண்டு பெரிய எண்களைப் பெருக்குவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 23-ஐ 14 ஆல் பெருக்க, முதலில் நான்கால் பெருக்கி 92. பிறகு ஒன்றால் பெருக்கி வந்த பட்டியலின் தலைக்கு முன் ஒரு 0 கணுவைச் சேர்த்தால் 230. இரண்டையும் முன்பு எழுதிய கூட்டல் செயற்கூறிடம் கொடுத்தால் 322. நோட்டில் இரண்டாம் வரியில் ஓர் இடத்தைக் காலியாக விடுகிறோம் அல்லது பெருக்கல் குறி போடுகிறோம். பட்டியலில் காலியிடம் என்று ஒன்று கிடையாது. அங்கே சைபர்தான் நிற்க வேண்டும். அந்தக் காலியிடம் சைபர் என்பதே தெரியாமல் பத்தாம் வகுப்பு வரை வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

வகுத்தல்தான் எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. 748-ஐ 6 ஆல் வகுக்க, ஏழில் ஓர் ஆறு, மீதி 1. பதினான்கில் இரண்டு, மீதி 2. இருபத்தெட்டில் நான்கு, மீதி 4. ஈவு 124, மீதி 4. கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றும் ஒன்றிலிருந்து தொடங்குகின்றன; வகுத்தல் மட்டும் உச்சியிலிருந்து. ஏன்? கூட்டும்போது சிறிய இடத்தில் நிரம்பி வழிவது பெரிய இடத்துக்குப் போகிறது. வகுக்கும்போது பெரிய இடத்தில் பங்கு போட முடியாமல் மிஞ்சுவது சிறிய இடத்துக்கு இறங்குகிறது. ஒரு நூறு மிஞ்சினால் பத்துப் பத்தாக மாற்றிக்கொள்கிறோம். மிச்சம் எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையில்தான் நடக்க முடியும்.

ஆகவே பட்டியலைத் திருப்ப வேண்டும். வராந்தாவில் இதைச் செய்தபோது நல்ல வேடிக்கை. தலையில் நின்றவனிடம், “கையை எடு, திரும்பிப் பின்னால் இருப்பவர் தோளில் வை” என்றேன். அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை. கையை எடுத்துவிட்டு நின்றான். மீதி வரிசை எங்கே போயிற்று? கணினியின் கணக்கில் தொலைந்தே போயிற்று. அடுத்தவரின் முகவரி அவன் ஒருவனிடம்தான் இருந்தது. கையை எடுக்கும் முன் அடுத்தவர் யார் என்று வேறொருவர் குறித்துக்கொள்ள வேண்டும். முன்பு நின்றவர், இப்போது நிற்பவர், அடுத்து நிற்பவர் என்று மூன்று குறிப்புகள் இல்லாமல் பட்டியலைத் திருப்ப முடியாது. பாடப்புத்தக விளக்கத்தில் இரண்டு நாள் புரியாதது இரண்டு நிமிடத்தில் புரிந்தது.

“பைத்தான்ல 100-க்கே நேரா விடை வருதே, நாம எதுக்கு இவ்வளவு கஷ்டப்படணும்?” என்று பன்னிரண்டாம் வகுப்பில் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. பைத்தானும் உள்ளே இதைத்தான் செய்கிறது. பெரிய எண்ணைத் துண்டு துண்டாக வைத்து, சிறிய இடத்தைத் தலையில் வைத்து, கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறது. இரண்டு வேறுபாடுகள்: நாம் பத்து வந்ததும் அடுத்த இடத்துக்கு அனுப்புகிறோம், இன்றைய கணினிகளில் அது 1073741824 வந்ததும் அனுப்புகிறது, நாம் இணைப்புப் பட்டியல் வைத்தோம், அது அடுத்தடுத்த அறைகளில் வைக்கிறது. வேகத்துக்கு அதுவே நல்லது. ஓர் இலக்கத்துக்கு ஒரு முகவரியைச் சுமப்பது இடத்தை வீணாக்கும் வேலை என்பதை மாணவர்களிடம் மறைக்க வேண்டியதில்லை. இணைப்புப் பட்டியலை நான் தேர்ந்தெடுத்தது, அது எதையும் ஒரே பார்வையில் பார்க்க விடாது என்பதற்காக. நாம் வாயால் சொல்லாமல் கண்ணால் தாண்டிவிடும் ஒவ்வொரு படியையும் அங்கே சொல்லியாக வேண்டும்.

அந்த மாணவி 100-இன் காரணீயப் பெருக்கத்தை முடித்துவிட்டாள். 158 கணுக்கள், தலையிலிருந்து முதல் 24 கணுக்களும் சைபர். 24 ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளே கணித ஆசிரியரிடம் போய்விட்டாள். 1 முதல் 100 வரை 5-இன் மடங்குகள் 20, அவற்றில் 25-இன் மடங்குகள் 4; சேர்ந்து 24 என்று மறுநாள் வந்து சொன்னாள்.

மூன்றாம் வகுப்பு டீச்சர் எங்கள் அட்டைகளை வாங்கிப்போயிருக்கிறார். நான்காம் வகுப்புக்கும் அவர்தான் கணக்கு. 2 மணி 45 நிமிடத்துடன் 1 மணி 30 நிமிடம் கூட்டினால் 3 மணி 75 நிமிடம் என்று பாதி வகுப்பு எழுதுகிறதாம். அதற்கும் உங்கள் பிள்ளைகள் ஒரு வழி சொல்வார்களா என்று கேட்டனுப்பினார். நிரலில் 10 இருக்கும் இடத்தில் 60 போட்டால் 4 மணி 15 நிமிடம் வந்துவிடுகிறது. மணியிலிருந்து நாளுக்குப் போகும்போது 60 உதவாது, 24 வேண்டும். அதனால் ஒவ்வொரு கணுவிலும் எண்ணுடன் அந்த இடத்தின் வரம்பையும் சேர்த்து வைக்கும்படி நிரலை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். நாளிலிருந்து மாதத்துக்கு 30 போடுவதா 31 போடுவதா என்பதில் இப்போது நிற்கிறது.